தனியார் பள்ளியில் சேர்க்கும் முன்: ஃபீஸ் அட்டையில் இல்லாத செலவுகளைக் கணக்குப் போடுவது எப்படி

தனியார் பள்ளி என்று முடிவு செய்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, வருடத்துக்கு ஃபீஸ் எவ்வளவு என்பதுதான். பள்ளியும் ஓர் எண்ணைச் சொல்லும். நாமும் அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் இவ்வளவு என்றால் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு சேர்த்துவிடுகிறோம். ஆனால் அந்த எண் பெரும்பாலும் பாடம் நடத்துவதற்கான கட்டணம் மட்டும்தான். பிள்ளை அந்த வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு பிள்ளையாக வருடம் முழுக்க இருந்து படிக்க ஆகும் செலவு வேறு. அதை எந்தப் பள்ளியும் தானாக முன்வந்து ஒரே தாளில் எழுதித் தருவதில்லை, நாம்தான் கேட்டுக் கேட்டுச் சேர்க்க வேண்டும். பணம் கட்டிய பிறகு சேர்த்துப் பார்த்தால் பயனில்லை, ஏனென்றால் அதற்குள் பிள்ளைக்கு அங்கே நண்பர்கள் கிடைத்திருப்பார்கள், டீச்சரைப் பிடித்திருக்கும், நமக்கு வேறு வழி இருக்காது.

ஒரு நோட்டோ எக்ஸெல் ஷீட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பத்திகள் போதும்: சேரும்போது ஒரே தடவை கட்டுவது, வருடா வருடம் கட்டுவது, குறிப்பிட்ட சில வகுப்புகளில் மட்டும் வருவது. ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் அது கட்டாயமா, நம் விருப்பமா, அல்லது பெயருக்கு விருப்பமாகவும் நடப்பில் கட்டாயமாகவும் இருக்கிறதா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். இந்த மூன்றாவது வகையில்தான் பெரும்பாலான வீடுகளில் பட்ஜெட் உடைகிறது. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

சேரும்போது போகிற பணம்

விண்ணப்பப் படிவத்துக்கே பணம் உண்டு, சீட் கிடைக்காவிட்டாலும் அது திரும்ப வராது. நான்கைந்து பள்ளிகளில் போட்டு வைத்தால் அதுவே ஒரு தொகை. அப்புறம் பதிவுக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், கட்டட நிதி, டெபாசிட் என்று வரிசையாக வரும். இதில் இரண்டு விஷயங்களைக் குறிப்பாகக் கேளுங்கள்.

ஒன்று, இடத்தைப் பிடித்து வைக்கக் கட்டும் பணம். நமக்குப் பிடித்த பள்ளியின் முடிவு வருவதற்கு முன்பே இரண்டாவது பள்ளி "இந்தத் தேதிக்குள் கட்டினால்தான் சீட்" என்று சொல்லும். பயத்தில் கட்டிவிடுவோம். எந்தத் தேதி வரை விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது படிவத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் கட்டாதீர்கள். எழுதவில்லை என்றால் அந்தப் பணம் போனதாகவே கணக்கில் வையுங்கள்.

இரண்டு, டெபாசிட். "திருப்பித் தரப்படும்" என்று போட்டிருப்பதால் இதை யாரும் செலவாக எழுதுவதில்லை. பெரும்பாலும் அதற்கு வட்டி இருக்காது. விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், இன்று கட்டும் 100 பதினான்கு வருடம் கழித்துத் திரும்பி வரும்போது இன்றைய 44-க்குத்தான் சமம். மீதி 56 செலவுதான், அதை அப்படியே எழுதுங்கள். பள்ளியை விட்டுப் போகும்போது எத்தனை நாளில் தருவார்கள், நூலகப் புத்தகம், ஆய்வகச் சேதம் என்று எதையெல்லாம் கழிப்பார்கள், ரசீதைத் தொலைத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். அந்த ரசீதை அன்றே படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

நன்கொடை என்று தனியாகக் கேட்டால், உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். உதாரணமாக, இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையைச் சேர்க்கும்போது அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடை செய்கிறது. வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் போடலாம் என்று அதன் 13-ஆவது பிரிவு சொல்கிறது. பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதையும் அதே பிரிவு தடுக்கிறது. (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதையும் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுவது நல்லது.) சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. "இதற்கு ரசீது எந்தத் தலைப்பில் தருவீர்கள்?" என்று அமைதியாக ஒரு கேள்வி கேட்டால் போதும், அவர்கள் சொல்லும் பதிலே பல விஷயங்களைச் சொல்லிவிடும்.

சீருடை, புத்தகம், வண்டி

சீருடை என்றால் இரண்டு செட் என்று நினைத்துக்கொள்கிறோம். பள்ளி தரும் பட்டியலை வரிக்கு வரி படியுங்கள். தினசரி சட்டை, கால்சட்டை அல்லது பாவாடை, உடற்பயிற்சி நாளுக்குத் தனி உடை, அணியின் நிறத்தில் ஒரு டீ-ஷர்ட், டை, பெல்ட், பள்ளியின் கோடு போட்ட சாக்ஸ், கறுப்பு ஷூ, வெள்ளை ஷூ, பள்ளியின் பெயர் போட்ட பை, தொப்பி, சில இடங்களில் கோட்டு. ஒவ்வொன்றும் எத்தனை வேண்டும் என்பது, துவைத்துக் காயப் போட எத்தனை நாள் ஆகும் என்பதைப் பொறுத்தது. வாரத்தில் நான்கு நாள் போடும் சட்டைக்கு இரண்டு செட் வாங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் துவைக்க வேண்டியிருக்கும். மூன்று வாங்கினால் மூச்சு விடலாம். அப்புறம், வளரும் பிள்ளைக்கு ஷூ ஒரு வருடம்கூடத் தாங்காது. சட்டையைவிட ஷூவுக்குத்தான் அடிக்கடி பணம் போகும், அதுவும் இரண்டு நிறத்தில்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை உருப்படிகளில் பள்ளியின் சின்னம் இருந்தே ஆக வேண்டும் என்பது. சின்னம் இல்லாத வெறும் கால்சட்டை, வெறும் ஷூ ஆகியவற்றை எங்கே வேண்டுமானாலும் நம் வசதிப்படி வாங்கலாம். சின்னம் இருப்பதைப் பள்ளி சொல்லும் ஒரே இடத்தில்தான் வாங்க முடியும், விலையும் அவர்கள் வைத்ததுதான். சின்னத்தை மட்டும் தனியாக விற்கிறார்களா, நாமே தைத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள், சில பள்ளிகள் விடுகின்றன. பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடம், சின்னதாகிப் போன கோட்டு, விளையாட்டு உடை இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்கலாம். இரண்டு மூன்று தடவைதான் போட்டிருப்பார்கள், புதிது போலவே இருக்கும். வாங்கும்போது பாவாடையிலும் கால்சட்டையிலும் உள்மடிப்பு எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று திருப்பிப் பாருங்கள். நல்ல மடிப்பு இருந்தால் இன்னொரு வருடம் ஓட்டலாம்.

புத்தகத்திலும் இதே கதைதான். பாடப் புத்தகம் ஒரு தொகை, பயிற்சிப் புத்தகம் இன்னொரு தொகை. பயிற்சிப் புத்தகத்தில் பிள்ளை எழுதிவிடுவதால் தம்பிக்கோ தங்கைக்கோ அது உதவாது. வருடா வருடம் பதிப்பகத்தை மாற்றும் பள்ளி என்றால் பாடப் புத்தகமும் உதவாது. கடந்த மூன்று வருடங்களில் புத்தகப் பட்டியல் மாறியதா என்று மேல்வகுப்புப் பெற்றோரைக் கேட்டால் தெரிந்துவிடும். டேப்லெட், மடிக்கணினி கட்டாயம் என்றால் எந்த மாடல், எந்த வகுப்பிலிருந்து, உடைந்தால் யார் பொறுப்பு, வீட்டில் இருக்கும் பழையதைக் கொண்டு வரலாமா என்று கேளுங்கள். ஒரு கருவி நான்கு வருடம் உழைத்தாலே பெரிது, ஆகவே அதன் விலையை நான்கால் வகுத்து வருடாந்திரச் செலவில் எழுதுங்கள். அந்தக் கருவியில் ஓடும் பாடச் செயலிகளுக்கு வருடச் சந்தா தனி.

பள்ளி வண்டிக் கட்டணம் தூரத்தை வைத்துப் படிப்படியாக ஏறும். வீடு ஒரு தெரு தள்ளி இருந்ததற்காக அடுத்த படிக்குப் போய்விடும், அந்த எல்லை எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறை மாதங்களுக்கும் சேர்த்து வாங்குகிறார்களா, காலையில் மட்டும் போனால் பாதிக் கட்டணமா, வருடத்தின் நடுவில் வீடு மாறினால் என்ன என்பதும் முக்கியம். இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை: மாலையில் விளையாட்டுப் பயிற்சியோ சிறப்பு வகுப்போ இருந்தால் வண்டி அதற்கு முன்பே கிளம்பிவிடும். பிறகு நாம்தான் போய்க் கூட்டி வர வேண்டும். வண்டிக்கும் பணம் கட்டி, பெட்ரோலும் போட்டு, வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பவும் வேண்டும்.

நாமே கொண்டுபோய் விட்டால் செலவு மிச்சம் என்று நினைத்தால் தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். பள்ளி 8 கிலோமீட்டர் என்றால் காலையில் போய் வருவது 16, மாலையில் போய் வருவது 16, ஒரு நாளைக்கு 32 கிலோமீட்டர். 200 பள்ளி நாட்களுக்கு 6,400 கிலோமீட்டர். அதற்கான எரிபொருள், டயர், சர்வீஸ் எல்லாம் பள்ளிச் செலவுதான். அதற்காக வீட்டில் ஒருவர் முழுநேர வேலையைப் பகுதிநேரமாக மாற்றிக்கொள்ள வேண்டி வந்தால், குறைந்த சம்பளமும் பள்ளிச் செலவுதான். கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பிள்ளை நடந்து போகும் தூரத்தில் உள்ள பள்ளி, மொத்தக் கணக்கில் மலிவாக வருவது இப்படித்தான்.

பெயருக்கு விருப்பம், நடப்பில் கட்டாயம்

நான் முன்னால் சொன்ன மூன்றாவது வகை இது. ஆண்டு விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை மாலை பிள்ளையின் பையில் ஒரு சர்க்குலர் வரும். குழு நடனம், உங்கள் பிள்ளை தேர்வாகியிருக்கிறாள், உடைக்கு இவ்வளவு, மேக்கப்புக்கு இவ்வளவு, திங்கட்கிழமைக்குள் கொடுத்தனுப்பவும், விருப்பம் இருந்தால் மட்டும். பிள்ளை ஏற்கெனவே இரண்டு வாரம் ஒத்திகைக்குப் போய்விட்டாள், எந்த வரிசையில் நிற்கிறாள், பக்கத்தில் யார் நிற்கிறாள் என்றெல்லாம் வீட்டில் ஆடிக் காட்டியாகிவிட்டது. இந்த நிலையில் எந்த அப்பா அம்மா "விருப்பம் இல்லை" என்று எழுதி அனுப்புவார்கள்? அந்த உடையை ஒரு மாலை போட்டுவிட்டுக் கழற்றினால் மறுபடி தொடப்போவதில்லை. அடுத்த மாதம் குழுப் புகைப்படம், விழாவின் வீடியோ. அதற்கடுத்து சுற்றுலா. இடையில் பேச்சுப் போட்டி, கணிதத் திறனறித் தேர்வு, அறிவியல் திறனறித் தேர்வு, ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம், அதற்கான பயிற்சிப் புத்தகம். புராஜெக்ட் என்று சொல்லி, வீட்டில் இல்லாத அட்டையும் தெர்மோகோலும் வாங்க வேண்டியிருக்கும். நிதி திரட்டல், ஆசிரியர் தினப் பரிசுக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வசூல், வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த நாளுக்கும் பரிசு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய தொகை இல்லை. அதனால்தான் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

இதைச் சமாளிக்க நான் சொல்லும் வழி இதுதான். சேர்ப்பதற்கு முன்பே, அந்த வகுப்பில் போன வருடம் படித்த பிள்ளையின் பெற்றோர் ஒருவரைப் பிடித்து, போன வருடம் வந்த சர்க்குலர்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் ஒரு தடவை மேலோட்டமாகத் தள்ளிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பணம் என்று வந்த இடங்களையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. அதில் வரும் கூட்டுத்தொகையை வருடத் தொடக்கத்திலேயே தனியாக ஒதுக்கி வைத்துவிட்டால், ஒவ்வொரு சர்க்குலருக்கும் வீட்டில் வாக்குவாதம் வராது. ஒதுக்கிய தொகைக்குள் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிள்ளையோடு சேர்ந்து முடிவு செய்யலாம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு "இந்த வருடம் சுற்றுலாவா, இரண்டு திறனறித் தேர்வா, நீயே சொல்" என்றால் நன்றாகவே புரியும். இரண்டு திறனறித் தேர்வுகளையும் விட்டுவிட்டுச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுத்தால் விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் அது சரியான தேர்வு.

பள்ளியிடமும் ஒரு கேள்வி உண்டு: சுற்றுலாவுக்கு வராத பிள்ளைகள் அன்றைக்கு என்ன செய்வார்கள்? "அவர்களுக்கு வகுப்பில் வேறு ஏற்பாடு இருக்கிறது" என்றால் அது உண்மையிலேயே விருப்பம். "எல்லோருமே வந்துவிடுவார்கள்" என்று பதில் வந்தால் அதைக் கட்டாயம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். காசு இல்லாததால் ஒரு பிள்ளை மட்டும் காலியான வகுப்பில் தனியாக உட்கார்ந்திருப்பது எனக்குத் தாங்க முடியாத காட்சி, அதை யோசித்து வைத்திருக்கும் பள்ளியை நான் கூடுதலாக மதிப்பேன்.

பெரிய வகுப்புகளில் வருவது

கீழ்வகுப்பில் சேர்க்கும்போது இதைப் பற்றிப் பேச்சே வராது. தேர்வு வாரியத்துக்குக் கட்டும் தொகை பள்ளிக் கட்டணத்தில் பெரும்பாலும் அடங்காது. கேம்பிரிட்ஜ், ஐ.பி. போன்ற பன்னாட்டுப் பாடத்திட்டம் என்றால் தேர்வுக் கட்டணம் பாடத்துக்குப் பாடம் தனி. ஐ.பி. டிப்ளமாவில் ஆறு பாடங்கள். இவற்றின் மேல் பள்ளி தன் பங்குக்கு நிர்வாகச் செலவையும் சேர்க்கலாம். மறுமதிப்பீடு, மறுதேர்வு, சான்றிதழ் நகல் எல்லாமே தனித்தனிப் பணம். ஆய்வகக் கட்டணம், பாடத்திட்டம் குறிப்பிடும் கால்குலேட்டர், மாதிரித் தேர்வுப் புத்தகங்கள், இவை இருக்கும். பள்ளிக்குள்ளேயே நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்று ஒரு தொகுப்பு வைத்து, அதில் சேராத பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு கிடையாது என்று சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே அந்தப் பயிற்சிக் கட்டணம்தான் உண்மையான பள்ளிக் கட்டணம்.

வெளி டியூஷனை மறக்காதீர்கள். இவ்வளவு கட்டிப் படிக்க வைக்கும்போது டியூஷன் எதற்கு என்று தோன்றும். அந்தப் பள்ளியின் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள் வெளியே டியூஷன் போகிறார்கள் என்று இரண்டு மூன்று பெற்றோரைக் கேளுங்கள். ஏறக்குறைய எல்லோரும் என்றால் அந்தச் செலவு உங்களுக்கும் வரும். அதோடு பள்ளியின் பாடம் நடத்தும் தரத்தைப் பற்றியும் அது ஒரு தகவல்.

ஏறிக்கொண்டே போகும் கணக்கு

இன்றைய கட்டணத்தை வருடங்களால் பெருக்கிப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. இரண்டு வருட மழலையர் வகுப்பும் பன்னிரண்டு வருடப் பள்ளியும் சேர்த்து 14 வருடம், இன்றைய கட்டணம் 100, ஆக மொத்தம் 1,400 என்று போடுவோம். கட்டணம் வருடத்துக்கு 10 சதவீதம் ஏறினால் மொத்தம் ஏறத்தாழ 2,800 ஆகும், சரியாக இரண்டு மடங்கு. கடைசி வருடத்தில் மட்டும் கட்டுவது 345. ஏற்றம் 6 சதவீதம் என்றாலும் மொத்தம் 2,100-ஐத் தொட்டுவிடும். உங்கள் சம்பளமும் அதே வேகத்தில் ஏறுமா என்பதை மனசாட்சியோடு யோசியுங்கள். கடந்த ஐந்து வருடத்துக் கட்டணத்தைப் பள்ளியிடம் கேட்டு வாங்கினால் வேகம் தெரிந்துவிடும். தர மறுத்தால், ஐந்து வருடம் முன்பு சேர்ந்தவர்களிடம் பழைய ரசீது இருக்கும்.

இந்தச் சீரான ஏற்றத்துக்கு மேல் சில இடங்களில் திடீரென்று ஒரு படி ஏறும். ஐந்திலிருந்து ஆறு, எட்டிலிருந்து ஒன்பது, பத்திலிருந்து பதினொன்று என்று நிலை மாறும்போது அதே பள்ளியிலேயே மறுபடி சேர்க்கைக் கட்டணம் வாங்குவதும் உண்டு. சட்டம் மாறியும் ஏறலாம். பிரிட்டனில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி வந்தது, அதுவும் கல்வியாண்டின் நடுவில். சேரும்போது கையெழுத்துப் போடும் தாளில் "வரிகள் மாறினால் பெற்றோரே ஏற்க வேண்டும்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு பிள்ளைகள் என்றால் இருவரும் ஒரே நேரத்தில் படிக்கும் வருடங்களைத் தனியாகக் கூட்டுங்கள். மூத்தது தேர்வு வகுப்பிலும் இளையது நடுநிலையிலும் இருக்கும் அந்த மூன்று நான்கு வருடம்தான் மிகக் கடினமானது. உடன்பிறந்தோர் சலுகை என்று சொல்வது பெரும்பாலும் பாடக் கட்டணத்துக்கு மட்டும் இருக்கும். வண்டி, உணவு, புத்தகம் ஆகியவற்றுக்கு இருக்காது. உதவித்தொகையும் அப்படித்தான்: எந்தத் தலைப்பில் எத்தனை சதவீதம், எத்தனை வருடத்துக்கு, மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா என்று கேட்காமல் அதை நம்பி ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன்

விதிமுறைத் தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து படியுங்கள். தாமதமாகக் கட்டினால் நாளுக்கு எவ்வளவு, தவணையில் கட்டினால் கூடுதலா, அட்டையில் கட்டினால் தனிக் கட்டணமா, இவை சின்ன விஷயம். பெரியது, விலகும் விதி. பிரிட்டன் போன்ற நாடுகளில் தனியார் பள்ளிகள் பொதுவாக ஒரு முழு டேர்முக்கு முன் அறிவிப்புக் கேட்கும், கொடுக்காவிட்டால் ஒரு டேர்ம் கட்டணத்தைக் கட்டச் சொல்லும். வேலை மாற்றலாகி ஊர் மாறும் வாய்ப்புள்ளவர்கள் இதை நிச்சயம் பார்க்க வேண்டும். "மாதத் தவணை, வட்டி இல்லை" என்று பள்ளி சொன்னால், பணம் கொடுப்பது பள்ளியா, வெளி நிதி நிறுவனமா என்று கேளுங்கள். வெளி நிறுவனம் என்றால் அது உங்கள் பெயரில் எடுக்கும் கடன். பிள்ளை பாதியில் பள்ளியை விட்டு நின்றாலும் தவணை நிற்காது.

ரசீது தலைப்பு வாரியாகப் பிரித்துத் தரப்படுமா என்பதும் பணத்துக்குரிய கேள்விதான். இந்தியாவில் பழைய வருமான வரி முறையில் பாடக் கட்டணத்துக்கு மட்டும்தான் கழிவு உண்டு, அதுவும் இரண்டு பிள்ளைகளுக்கு. வளர்ச்சி நிதிக்கோ நன்கொடைக்கோ கிடையாது. எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டு ரசீது கொடுத்தால் உங்களுக்குத்தான் நட்டம்.

இத்தனையும் யாரிடம் கேட்பது? அட்மிஷன் மேசையில் இருப்பவர் பள்ளியைச் சுற்றிக் காட்டுவார், அன்பாகப் பேசுவார், ஆனால் அவருக்கு முழுத் தொகை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவரைப் பார்த்து இப்படிக் கேளுங்கள்: "மேடம், போன வருடம் மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு, சேர்ந்த நாளிலிருந்து வருடம் முடியும் வரை பள்ளிக்கு மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பார்கள்? வண்டி, புத்தகம், விழா எல்லாம் சேர்த்து." பொதுவாக "வேறு செலவு ஏதாவது உண்டா?" என்று கேட்டால் "ஒன்றும் பெரிதாக இல்லை" என்றுதான் பதில் வரும். போன வருடம், குறிப்பிட்ட வகுப்பு, ஒரு பிள்ளை என்று குறுக்கிக் கேட்டால் எண்ணாக பதில் வரும். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதையெல்லாம் எழுதி, "நான் புரிந்துகொண்டது சரியா?" என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அப்புறம், உங்கள் பிள்ளை சேரப்போகும் வகுப்புக்கு இரண்டு வகுப்பு மேலே படிக்கும் பிள்ளையின் பெற்றோர் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் போய் நின்றால் போதும், பேச ஆசைப்படுபவர்கள் நிறைய இருப்பார்கள்.

மூன்று பத்திகளும் நிரம்பிய பிறகு முதல் வருடக் கூட்டுத்தொகை, சாதாரண ஒரு வருடத்தின் தொகை, தேர்வு வகுப்பின் தொகை என்று மூன்று எண்கள் கையில் இருக்கும். பள்ளிகளை இந்த மூன்றையும் வைத்து ஒப்பிடுங்கள். இந்தக் கணக்கில் முதலிடத்தில் இருந்த பள்ளி மூன்றாவதாகப் போவதும், கட்டணம் கூடுதல் என்று ஒதுக்கிய பள்ளி மேலே வருவதும் நடக்கும். ஏனென்றால் சில பள்ளிகள் புத்தகம், சுற்றுலா, மதிய உணவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும், சில பள்ளிகள் குறைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக வாங்கும். தேர்வு வகுப்புத் தொகையை இன்றைய வருமானத்தில் கட்ட முடியாது, அதற்குள் எப்படியாவது வருமானம் கூடிவிடும் என்று நம்ப வேண்டியிருக்கிறது என்றால், நான் அந்தப் பள்ளியில் சேர்க்க மாட்டேன். நடுவில் மாற்றுவது பிள்ளைக்குக் கஷ்டம், பதினான்கு பதினைந்து வயதில் மாற்றுவது இன்னும் கஷ்டம். எந்தப் பள்ளியாக இருந்தாலும் ஒரு டேர்ம் கட்டணத்தை எப்போதும் கைப்படாமல் தனியாக வைத்திருக்கப் பாருங்கள். வேலை போனாலோ உடம்பு சரியில்லாமல் போனாலோ அந்த மூன்று நான்கு மாதம் யோசிக்க நேரம் கிடைக்கும்.

ஏற்கெனவே சேர்த்தாகிவிட்டது, இப்போது கட்ட முடியவில்லை என்ற நிலையில் இதைப் படிப்பவர்களும் இருப்பீர்கள். கெடு தேதி வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரம் முன்பே தலைமையாசிரியரிடம் நேரம் கேட்டு, போனிலோ வாட்ஸ்அப்பிலோ அல்லாமல் நேரில் போய்ப் பேசுங்கள். இப்போது எவ்வளவு கட்ட முடியும், மீதியை எந்தெந்தத் தேதியில் கட்டுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அவர் ஒப்புக்கொண்டால் அதே தாளில் ஒரு கையெழுத்தும் முத்திரையும் கேட்டு வாங்கி, கணக்குப் பிரிவுக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். வண்டி, மாலை வகுப்பு, விருப்பப் பயிற்சி ஆகியவற்றை அடுத்த டேர்மிலிருந்து நிறுத்த முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள், பாடக் கட்டணத்தில் சலுகை தர மறுக்கும் பள்ளிகள்கூட இதற்கு ஒத்துக்கொள்ளும். கட்டணப் பாக்கி பற்றிய பேச்சு உங்களுக்கும் அலுவலகத்துக்கும் இடையில் மட்டும் இருக்க வேண்டும், வகுப்பில் பிள்ளையை எழுப்பிக் கேட்கக் கூடாது என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.